இவ்வளவு விலை கொடுத்தும் டிடெக்டர் ஏன் இப்படிக் கத்துகிறது?

கேள்வி கேட்டவர் ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தில் இருக்கிறார். எட்டாயிரம் டாலருக்கு மேல் கொடுத்து, தங்கம் தேடுவதற்கென்றே ஒரு புது பல்ஸ் இண்டக்‌ஷன் டிடெக்டர் வாங்கியிருக்கிறார். தங்கம் தேடுவோர் போகும் டனாலி ஊர்ப் பக்கம் கொண்டுபோனால், காயிலை, அதாவது தண்டின் அடியில் கம்பி சுற்றிய தட்டை, மண்ணின் மேல் வீசும்போதெல்லாம் கரகரப்பு. கல்லில் தட்டினால் ஒரு சத்தம், புல் உரசினால் ஒரு சத்தம். கூட வரும் நண்பரிடம் இருப்பதும் அதே மாடல்தான். அது அமைதியாக ஓடுகிறது. சர்வீஸுக்கு அனுப்பினால் சில வாரம் கழித்து "சோதித்தோம், பழுது இல்லை" என்ற சீட்டோடு திரும்பி வருகிறது. தரக் கட்டுப்பாடு என்று ஒன்று இந்தத் தொழிலில் உண்டா இல்லையா என்று கேட்கிறார்.

உண்டு. ஆனால் தொழிற்சாலை எதைச் சோதிக்கிறதோ அதுவும், உங்களுக்கு மண்ணில் தேவைப்படுவதும் ஒன்றல்ல. நான் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் வேலையில் பல வருஷம் இருந்தவன். ஓய்வு கிடைத்தால் இதே மண்ணில் டிடெக்டரோடு நடப்பவன். இரண்டு பக்கமும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: உங்கள் மெஷின் நிஜமாகவே சோதனையில் தேறியிருக்கும், நிஜமாகவே மோசமாகவும் இருக்கும். அது எப்படி என்று தெரிந்தால்தான் அந்தச் சீட்டை எதிர்த்துப் பேச முடியும்.

பல்ஸ் இண்டக்‌ஷன் டிடெக்டர் காயிலுக்குள் மின்னோட்டத்தைச் செலுத்திச் சட்டென்று நிறுத்துகிறது. நிறுத்திய கணத்தில் காயிலில் நூறு வோல்ட்டுக்கு மேல் ஒரு உதை எழுந்து அடங்கும். அது அடங்கியதும், மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதில் சுழன்றுகொண்டிருக்கும் சுழல் மின்னோட்டத்தின் மெல்லிய சிக்னலை மெஷின் கேட்கும். பெரிய கட்டியின் சிக்னல் நிதானமாகத் தேயும். ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு இருக்கிற பொடித் தங்கத்தின் சிக்னல் சில மைக்ரோ செகண்டுகளில் மறைந்துவிடும். ஆகவே பொடித் தங்கம் வேண்டுமானால், உதை அடங்கியதும் அடங்காததுமாக, ஏறக்குறைய 10 மைக்ரோ செகண்டுக்குள் கேட்கத் தொடங்கியாக வேண்டும்.

இங்கேதான் காயிலின் தயாரிப்புத் தரம் நேராக உள்ளே வருகிறது. உதை எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதைக் கம்பிச் சுற்றுகளின் இடைவெளி, சுற்றுக்கும் கவசப் பூச்சுக்கும் உள்ள தூரம், கேபிளின் மின்தேக்குத் திறன், உதையைத் தணிக்கும் டேம்பிங் ரெசிஸ்டரின் மதிப்பு இவையெல்லாம் சேர்ந்து முடிவு செய்கின்றன. கம்பி கொஞ்சம் நெருக்கிச் சுற்றப்பட்டாலோ, கேபிளுக்குள் ஈரம் ஏறினாலோ அடங்கும் நேரம் தள்ளிப்போகும். வேறு எந்த வீட்டுச் சாதனத்திலும் கவனிக்கத் தேவையில்லாத இந்த வித்தியாசம் இங்கே ஹெட்ஃபோனில் கேட்கும். அதோடு விக்டோரியாவின் செம்மண்ணிலும், மேற்கு ஆஸ்திரேலியாவில் லியோனோரா, லாவர்டன் பக்கத்து இரும்புக் கல் மண்ணிலும் இருக்கிற மேக்னடைட், மாக்ஹேமைட் என்ற இரும்புத் தாதுத் துகள்கள் தாங்களாகவே ஒரு சிக்னல் கொடுக்கும். மண்ணின் சிக்னலைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கேட்பதுதான் கிரவுண்ட் பேலன்ஸ். இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சின்ன எண்ணைத் தேடும் வேலை அது. பெரிய எண்ணில் துளி ஆட்டம் இருந்தாலும் மிச்சம் முழுக்கக் குழம்பிவிடும்.

முன்பு இவ்வளவு நுணுக்கம் தேவைப்படவில்லை. 1980-ல் விக்டோரியாவின் கிங்கோவர் அருகே கிடைத்த 'ஹேண்ட் ஆஃப் ஃபெயித்' கட்டி 27 கிலோவுக்கு மேல். ஓரடி ஆழத்தில், காரெட் நிறுவனத்தின் டிடெக்டரில் அகப்பட்டது. அந்த மாதிரிக் கட்டிக்கு முன்னால் காயில் ஐந்து சதவீதம் கூடக்குறைய இருந்தால் யாருக்கும் தெரியாது. இன்றும்கூட அப்படித்தான்: 2023-ல் இதே விக்டோரியாவில் விலை மலிந்த டிடெக்டர் வைத்திருந்த ஒருவர் 4.6 கிலோ பாறை ஒன்றை எடுத்தார், அதற்குள் சுமார் 2.6 கிலோ தங்கம் இருந்தது. ஆனால் மேலாக இருந்த பெரிய கட்டிகளைப் பல தலைமுறை டிடெக்டர்கள் எடுத்துவிட்டன. மிச்சம் இருப்பது பெரும்பாலும் பொடியும், ஆழத்தில் இருப்பதும். டிடெக்டர் தயாரிக்கும் மைன்லேப் நிறுவனம் 2010-ல் ஜிபிஎக்ஸ் 5000, 2015-ல் ஜிபிஇசட் 7000, 2021-ல் ஜிபிஎக்ஸ் 6000 என்று கொண்டுவந்ததெல்லாம் இந்த மிச்சத்துக்காகத்தான். ஒவ்வொரு தலைமுறையும் இரைச்சலின் விளிம்புக்கு இன்னும் நெருங்கி வேலை செய்கிறது. விளிம்பு நெருங்க நெருங்க, இரண்டு மெஷினுக்கு நடுவில் உள்ள தயாரிப்பு வித்தியாசம் வெளியே தெரிய ஆரம்பிக்கிறது. டிடெக்டர்காரர்கள் "நல்ல காயில், சொத்தைக் காயில்" என்று பேசிக்கொள்வதன் அர்த்தம் இதுதான். அதில் மிகை உண்டு, பொய் இல்லை.

சரி, தொழிற்சாலைக்கு வருவோம். எலக்ட்ரானிக்ஸ் தொழிலில் பொதுவாக ஒரு மாதிரி யூனிட்டை வைத்து அளவுகளை எடுப்பார்கள். ஒவ்வோர் அளவுக்கும் மேல் வரம்பு ஒன்று, கீழ் வரம்பு ஒன்று. நடுவில் எங்கே விழுந்தாலும் பாஸ். வரம்பை இறுக்கினால் ரிஜெக்ட் கூடும், செலவு ஏறும். தளர்த்தினால் புகார் கூடும். எங்கே நிறுத்துவது என்பது பொறியாளரும் கணக்குப் பிரிவும் சேர்ந்து எடுக்கிற முடிவு. இதில் காயிலைத் தனியாகவும், எலக்ட்ரானிக்ஸ் இருக்கும் கண்ட்ரோல் பாக்ஸைத் தனியாகவும் சோதித்தால் ஒரு சிக்கல் வரும். காயில் தன் வரம்பின் ஓரத்தில் தேறியிருக்கும், பாக்ஸும் தன் வரம்பின் ஓரத்தில் தேறியிருக்கும். இரண்டு ஓரமும் ஒரே பக்கமாக அமைந்து ஒரே பெட்டிக்குள் வந்து சேர்ந்தால், அதை வாங்கியவருக்குத் தலைவலி. தனித்தனியாகச் சோதித்தால் இரண்டுமே நல்லவை. உங்கள் கேஸில் இது நடந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

சர்வீஸ் சென்டரிலும் இதே கதைதான். மேசை, நிழல், 22 டிகிரி ஏசி, இரும்புக் கல் கிடையாது. காயிலை யாரும் கல்லில் இடிப்பதில்லை, கேபிளை வளைப்பதில்லை. ஒரு டார்கெட்டைக் காட்டுவார்கள், சத்தம் வரும், சீட்டு எழுதுவார்கள். அந்த டெக்னீஷியன் பொய் சொல்லவில்லை. நீங்கள் எந்த நிலையில் பழுதைப் பார்த்தீர்களோ அந்த நிலையை அவர் உருவாக்கவே இல்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் உண்மையில் எவை பழுதாகின்றன? என் அனுபவத்தில் முதல் குற்றவாளி காயிலும் அதன் கேபிளும். காயிலுக்குள் கம்பியைச் சுற்றி மின்சாரம் கடத்தும் கவசப் பூச்சு ஒன்று இருக்கும், பெரும்பாலும் கிராஃபைட் கலந்தது. ஈரப் புல்லோ கையோ பட்டால் சிக்னல் மாறாமல் காப்பது அதன் வேலை. பூச்சு ஒழுங்காகப் படியாமல் விட்டாலோ, விரிசல் விட்டாலோ, அதன் எர்த் கம்பி விட்டுப்போனாலோ, பனி படிந்த புல்லில் காலையில் மெஷின் கத்தும். வெயில் ஏறிப் புல் காய்ந்ததும் தானாக அடங்கும். "காலையில் மோசம், மத்தியானம் பரவாயில்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

இடித்தால் சத்தம் வருவது வேறு நோய். கம்பிச் சுற்று எப்பாக்ஸியிலும் ஃபோமிலும் அசையாமல் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். எப்பாக்ஸி முழுதாக ஊறாத இடத்தில் கம்பி மயிரிழை அசையும். பூமியின் காந்தப் புலத்துக்குள் அசைகிற கம்பியில் மின்னழுத்தம் பிறக்கும், அது காதுக்கு வரும். லேசாக விரலால் காயிலின் ஓரத்தைச் சுற்றிலும் தட்டிக்கொண்டே வாருங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி மெல்லிய சத்தம் வந்தால் அது அந்த மாடலின் இயல்பாக இருக்கலாம். ஒரே இடத்தில் மட்டும் பளிச்சென்று வந்தால் அங்கே பிடிப்பு விட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் சாக்பீஸால் குறி போட்டு வீடியோ எடுத்துவிடுங்கள்.

வெப்பத்தையும் சொல்ல வேண்டும். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம் கூடும். குளிர்ந்த காலை 10 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குப் போனால் 14 சதவீதத்துக்குக் கிட்ட வருகிறது. கறுப்புக் காயிலை வெயிலில் கிடத்திவிட்டுச் சாப்பிட்டு வந்தால் இன்னும் அதிகம். நல்ல வடிவமைப்பு இதைச் சமாளிக்கும். ஆனால் உள்ளே எப்பாக்ஸி, பிளாஸ்டிக், செம்பு மூன்றும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால், பலவீனமாக ஒட்டிய இடம் ஏதாவது இருந்தால் மதியம் மூன்று மணிக்குத் தலைகாட்டும். எனக்கே ஒரு மெஷின் இப்படி அமைந்தது. சூடேறினால் மட்டும் தடுமாறும். சர்வீஸிலிருந்து அதே "பழுது இல்லை" சீட்டு. அடுத்த தடவை காயில் மேல் ஒரு தெர்மாமீட்டரை ஒட்டிவைத்து, சூடு ஏற ஏறச் சத்தம் மாறுவதை ஒரே வீடியோவாக எடுத்து அனுப்பினேன். பேச்சில்லாமல் காயிலை மாற்றிக் கொடுத்தார்கள். ஆதாரம் அந்த நிலையைக் காட்டியதும் வாதம் முடிந்துவிட்டது.

பாக்ஸுக்குள் போனால், பெரிய காம்பொனென்ட்கள் சாவது அபூர்வம். கனெக்டர்கள்தான் அதிகம். காயில் கேபிள் வந்து சேரும் சாக்கெட்டின் பின்களை லூப் என்ற சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சால்டர் கூம்பின் மேல், பின்னைச் சுற்றி ஒரு மெல்லிய சாம்பல் வளையம் தெரிந்தால் அது விரிசல். வெறும் கண்ணுக்கு முழு ஜாயின்ட் போலவே இருக்கும். கேபிளை ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்டும் அழுத்தம் பிளாஸ்டிக் உடலில் நிற்காமல் நேராக சால்டரில் விழுகிற மாதிரி வடிவமைத்தால் இது சீக்கிரம் வரும். வாரண்டி இருக்கும்வரை இதைப் பார்க்கப் பெட்டியைத் திறக்காதீர்கள். வெளியிலிருந்து கனெக்டரை மெல்ல இடம் வலமாக அசைத்தாலே சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீர் புகாது என்று விற்கிற மெஷின்களில் ரப்பர் ஓ-ரிங்கில் ஒரு மணல் துகள் உட்கார்ந்தால் போதும், சீல் போச்சு. அது பாதி தயாரிப்பாளர் பொறுப்பு, பாதி நம் பொறுப்பு.

பழுது போலவே தெரியும், ஆனால் பழுதல்லாத சிலவற்றை முதலில் ஒதுக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் சர்வீஸ்காரர் உங்களை நம்ப மாட்டார். ஸ்கிட் பிளேட்டைக் கழற்றிப் பாருங்கள். காயிலுக்கும் அந்தப் பிளாஸ்டிக் மூடிக்கும் நடுவில் மாவு மாதிரி சிவப்புத் தூசி படிந்திருக்கும். அதன்மேல் ஒரு காந்தத்தை நகர்த்தினால் கறுப்புத் துகள்கள் ஓடி வந்து மயிர்போல் எழுந்து நிற்கும். காயிலோடு ஒட்டிக்கொண்டு ஆடுகிற அந்த இரும்புத் துகள்களே வீசும்போதெல்லாம் கரகரப்பைத் தரும். துடைத்துக் கழுவிக் காயவைத்து, ஓரத்தை டேப்பால் ஒட்டிப் பயன்படுத்துங்கள். அடுத்தது வெளி இரைச்சல். டனாலி பக்கம் பண்ணைகளின் மின்வேலி சீரான இடைவெளியில் 'டிக், டிக்' என்று கேட்கும். உயர் அழுத்த மின்கம்பி, பக்கத்தில் ஓடும் இன்னொரு டிடெக்டர், பாக்கெட்டில் இருக்கும் ஃபோன் எல்லாமே கத்தவைக்கும். காயிலை இடுப்பு உயரத்தில் செங்குத்தாகப் பிடித்து அசையாமல் நின்று மெதுவாக வட்டமாகத் திரும்புங்கள். திசைக்கேற்பச் சத்தம் ஏறி இறங்கினால் அது வெளியிலிருந்து வருவது. எந்தத் திசையிலும் மாறாமல் இருந்தால், அல்லது கேபிளை வளைத்தால் மட்டும் மாறினால், குற்றம் உள்ளே இருக்கிறது. நண்பரின் மெஷினோடு ஒப்பிடும்போதும் கவனம்: இரண்டையும் ஒரே நேரத்தில் பக்கத்தில் ஓட்டினால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். ஒன்றை அணைத்துவிட்டு மற்றதைச் சோதியுங்கள்.

செகண்ட்ஹேண்டாகவோ இணையத்தில் மலிவாகவோ வாங்குகிறவர்களுக்குப் போலி ஆபத்தும் இருக்கிறது. மைன்லேப்பின் தாய் நிறுவனமான அடிலெய்டின் கோடான் தனக்கு நேர்ந்ததை 2015-ல் வெளியே சொன்னது. சீனாவுக்குப் போன ஊழியர் ஒருவரின் லேப்டாப் ஹோட்டல் வைஃபை வழியாக ஊடுருவப்பட்டு, வடிவமைப்புகள் களவு போயின. ஆப்பிரிக்கச் சந்தைகளில் போலி மெஷின்கள் குவிந்தன. நிறுவனம் விலையைக் குறைக்க வேண்டிவந்தது. 2013 ஜூனில் முடிந்த ஆண்டில் சுமார் 4.5 கோடி டாலராக இருந்த நிகர லாபம் அடுத்த ஆண்டு 92 லட்சமாக விழுந்ததற்குப் போலிகளும் ஒரு காரணம். வெளித் தோற்றத்தில் அசலைப் போலவே இருக்கிற அந்த மெஷின்களை வாங்கிய ஏழைத் தேடுவோர் எத்தனை பேர், வராத தங்கத்துக்காகத் தங்களையே நொந்துகொண்டார்களோ! எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் வலிக்கிற பகுதி அதுதான். சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரிடம் சரிபார்க்காமல் பழைய மெஷினுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

நம் ஊர்க்காரர்கள் அடிக்கடி கேட்கிற இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "நூறு மீட்டர் தள்ளி இருக்கிற தங்கத்தைக் காட்டும்" என்று ஆண்டெனா வைத்து விற்கிற கருவிகளுக்கும் டிடெக்டருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கோல்ஃப் பந்து தேடும் பொம்மையை வைத்து உருவான ஏடிஇ 651 என்ற கருவியை வெடிகுண்டு காட்டும் என்று ஈராக்குக்கு விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு லண்டன் நீதிமன்றம் 2013-ல் பத்து ஆண்டு சிறை விதித்தது. ஆண்டெனா வைத்த தங்கக் கருவிகளும் அதே வகைதான். அதில் தரம் பற்றிப் பேசவே ஒன்றுமில்லை.

மெஷின் நன்றாக இருந்தும் ஆதரவு இல்லாமல் போவதும் நம்பகத்தன்மையின் ஒரு பகுதிதான். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் பல பத்தாண்டுகளாக டிடெக்டர் செய்த வைட்ஸ் எலக்ட்ரானிக்ஸ் 2020-ல் மூடியது. அதன் வடிவமைப்பு உரிமைகளைக் காரெட் வாங்கிக்கொண்டது. அருமையான மெஷின்கள் அவை. ஆனால் பாகத்துக்காக அலைய வேண்டியிருக்கிறது. வாங்கும் முன் காயில், பேட்டரி, கேபிள் தனித்தனியாகக் கிடைக்குமா, சர்வீஸ் உங்கள் நாட்டுக்குள்ளேயே நடக்குமா என்று கேளுங்கள். விளம்பரத்தில் இருக்கிற ஆழக் கணக்கைவிட இது பயன்படும்.

இனி உங்கள் உரிமைக்கு வருவோம். ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் 2011 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. கம்பெனி கொடுக்கும் வாரண்டி வேறு, இந்தச் சட்டம் தரும் உத்தரவாதம் வேறு. வாரண்டி முடிந்தாலும், பொருளின் விலைக்கும் தன்மைக்கும் ஏற்ற நியாயமான காலம்வரை சட்டம் துணைக்கு வரும். பழுது பெரியதென்றால் மாற்று வேண்டுமா, பணம் வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது, கடைக்காரருடையது அல்ல. இந்தக் குறை இருப்பது முன்பே தெரிந்திருந்தால் நியாயமான ஒருவர் வாங்கியிருக்க மாட்டார் என்றால் அது பெரிய பழுது. சிறு சிறு பழுதுகள் சேர்ந்தும் பெரிய பழுதாகலாம் என்று 2020 இறுதியில் தெளிவுபடுத்தினார்கள். கடைக்காரர் "கம்பெனிக்கே அனுப்புங்கள்" என்று கைகழுவ முடியாது. விற்றவர்தான் முதல் பொறுப்பு. ஒத்துக்கொள்ளாவிட்டால் விக்டோரியாவில் விகேட் (VCAT) என்ற மாநிலத் தீர்ப்பாயம் வரை போகலாம். வெளிநாட்டிலிருந்து நேராகத் தருவித்தால் இந்தப் பலம் நடைமுறையில் வெகுவாகக் குறைந்துவிடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று இறக்குமதி செய்பவர்கள் அந்தக் குறையையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது இது. ஒரு பிளாஸ்டிக் அட்டையில் சின்ன ஈயக் குண்டு ஒன்றை ஒட்டி நிரந்தர டார்கெட்டாக வைத்துக்கொள்ளுங்கள். மின்கம்பி, வேலி இல்லாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஃபோன்களைக் காரில் வைத்துவிட்டு, வீடியோ எடுக்கத் தனி கேமராவைத் தள்ளி நிறுத்துங்கள். மெஷினை ஃபேக்டரி ரீசெட் செய்து, கையேட்டில் சொன்னபடி கிரவுண்ட் பேலன்ஸ் செய்து, அதே டார்கெட்டை அதே உயரத்தில் காட்டுங்கள். பிறகு இரண்டு மெஷினையும் அணைத்துவிட்டுக் காயில்களை மட்டும் இடம் மாற்றுங்கள். உங்கள் காயில் நண்பரின் மெஷினிலும் கத்தினால் குற்றம் காயிலில். அவர் காயில் உங்கள் பாக்ஸில் கத்தினால் குற்றம் பாக்ஸில். மாற்றிப் போட்டதும் இரண்டுமே சுமாராக ஓடினால், நான் மேலே சொன்ன இரண்டு ஓரங்கள் சேர்ந்த கேஸ். அதற்குக் காயிலை மாற்றித் தரச் சொன்னாலே போதும், முழு மெஷினையும் கேட்டுச் சண்டை போட வேண்டாம்.

கடைக்காரருக்கு எழுதும்போது "சத்தம் அதிகம்" என்று எழுதாதீர்கள். எந்தத் தேதி, எந்த இடம், என்ன வெப்பநிலை, எந்த செட்டிங், காயிலை மாற்றியதும் என்ன நடந்தது, வீடியோவில் எத்தனையாவது நிமிஷத்தில் அது தெரிகிறது என்று எழுதுங்கள். முந்தைய "பழுது இல்லை" சீட்டின் நகலை இணைத்து, அவர்கள் எந்த நிலையில் சோதித்தார்கள் என்று எழுத்தில் பதில் கேளுங்கள். காயில் மாற்றிப் பார்த்த முடிவு கையில் வந்ததும் சொல்லுங்கள். கடிதத்தைச் சேர்ந்தே எழுதிவிடலாம்.